கொத்து மெசினும் நான் பொறுக்கிய கல்லும்

மெசின் வரப்போகிறது என்று என் புருஷன் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அப்போது நாங்கள் இலங்கையில், பண்டாரவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் கொழுந்து எடுக்கப் போவேன். அவர் ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்குகிற ஆலையில், இஞ்சின் பார்த்தார். இரும்பைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள் லயத்தில், அதாவது நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அவர் ஒருவர்தான். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமில்லை. யாராவது "இஞ்சின்காரரே" என்று கூப்பிட்டால் போதும், சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவார்.

வந்தது கொத்து மெசின். தோட்டத்துத் துரையின் சம்சாரம், நாங்கள் துரைசாணி என்போம், சீமைக்குப் போயிருந்தபோது யார் வீட்டுத் தோட்டத்திலோ அதைப் பார்த்தாராம். மாடு இல்லை, மண்வெட்டி இல்லை, ஒரு ஆள் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தால் மெசின் தானே மண்ணைக் கொத்திப் புரட்டிக்கொண்டு போகுமாம். பங்களாவுக்குக் காய்கறி போட அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். இந்தத் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்க ஆளா இல்லை? லயம் லயமாக ஆள். இருந்தாலும் மெசின் வேண்டும். ஆசை வந்தது, பெட்டியும் வந்துவிட்டது.

பெட்டி பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் மலையேறியது. ஏற்றத்தில் மாடு மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம் என் புருஷன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஓடிவந்து பெட்டியைத் தடவிப் பார்த்தாராம். "ஒம் புருசன் பெட்டிக்குத் தாலாட்டுப் பாடாததுதான் பாக்கி" என்று வண்டிக்காரர் என்னிடம் சொன்னார். எங்கள் இரண்டு பிள்ளைகளும் பிறந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு இஞ்சினுக்கு எண்ணெய் விடப் போன மனுஷன் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இல்லை. ஸ்டோருக்குப் பக்கத்து வண்டிக் கொட்டகையில் வைத்து மெசினைப் பூட்டச் சொல்லியிருந்தார்கள்.

"இந்தா புள்ள, கொஞ்சம் வந்து பிடி. ஒத்த ஆளாப் பூட்ட முடியாது" என்றார்.

நானும் போனேன். போனேனே, அதுதான் கோபம்.

பெட்டிப் பலகையை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். ஆணியைக்கூட நிமிர்த்தி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் மெசின் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒவ்வொரு துண்டும் மெழுகுக் காகிதத்தில் சுற்றியிருந்தது. காகிதத்தைப் பிரித்தால் மஞ்சள் கிரீஸ், விரலில் ஒட்டினால் விடாது. "கப்பல்ல வருதுல்ல, உப்புக் காத்துக்குத் துரு ஏறக்கூடாதுன்னு பூசியிருக்கான்" என்று அவர் ஏதோ தானே பூசியதுபோலச் சொன்னார். அதையெல்லாம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து நான்தான் துடைத்தேன். கிழவியைக் குளிப்பாட்டுவதுபோல மெதுவாகத் துடைக்க வேண்டுமாம். கொஞ்சம் அழுத்தினால் "ஏய், ஏய்" என்பார்.

துடைத்த சாமான்களைக் கோணிச் சாக்கில் வரிசையாகப் பரப்பினார். கைவண்டிக்கு இருப்பதுபோல இரண்டு நீளப் பிடி. பல் வைத்த இரண்டு இரும்புச் சக்கரம். ஒரு சங்கிலி. சின்ன இஞ்சின், பார்க்கப் பித்தளைக் குடம் அளவுதான், தூக்கினால் இடுப்பு ஒடிந்தது. அப்புறம் மண்ணைக் கொத்துகிற கொக்கிகள். ஒரு இரும்புத் தண்டில் சுற்றிவர மாட்ட வேண்டும். ஒவ்வொரு கொக்கியும் பூனை நகம்போல வளைந்து முனை கூராக இருந்தது. தகர டப்பாவில் நட்டும் போல்ட்டும்.

முதலில் சக்கரத்தைப் பூட்டினார். நான் அச்சைத் தூக்கிப் பிடித்தேன். பிறகு பிடி. பிறகு சங்கிலி, ரொம்ப இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, ரொம்பத் தொய்யவும் கூடாது என்று நாலு தடவை கழற்றி மாட்டினார். எல்லா நட்டையும் முதலில் கையால் முடுக்கினார், பிறகு ஸ்பேனர் போட்டார், எல்லாம் முடிந்தபிறகு மறுபடி ஒரு சுற்று வந்தார். வீட்டுக் கூரைத் தகரம் காற்றுக்கு ஆடுகிறது, அதில் ஒரு ஆணி அடிங்கள் என்று நான் போன கச்சான் காற்றுக் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு அவருக்கு நேரமில்லை.

பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும் என்றார். தூசி போனால் இஞ்சின் கெட்டுவிடுமாம். "மெல்லிசாப் பழைய துணி ஏதாச்சும் குடு." வீட்டுக்கு ஓடி, தேடி, பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய பழைய சேலையில் ஒரு முழம் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். நல்ல நூல் சேலை. என் அம்மா கொடுத்தது. அதையும் தின்றது அந்த மெசின்.

பெட்டிக்குள் ஒரு காகிதமும் இருந்தது. அதில் இங்கிலீஷ் எழுத்து, நடுநடுவே படம். எழுத்து அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படத்தை வைத்தே பூட்டினார். கடைசிப் படத்தில் ஒரு கல்லை வரைந்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டிருந்தது. பக்கத்தில் ஒடிந்த கொக்கி.

"கல்லு பட்டா ஒடிஞ்சிரும்ங்கிறான். இங்கிலீசு தெரிஞ்ச ஸ்டோர் ஐயாவும் படிச்சுச் சொன்னாரு. மொதல் ஓட்டம் கல்லே இல்லாத, பொலபொலன்னு இருக்கிற மண்ணுல ஓட்டணும். அப்பத்தான் மெசின் பழகும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "இந்த மலையில கல்லில்லாத எடமா? சீமைக்கே திருப்பி அனுப்பிட்டு அங்க ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க."

அவர் குனிந்து, ஏற்கெனவே முடுக்கிய நட்டை மறுபடி முடுக்கினார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் தோட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லயத்துக்குக் கீழே ஓடை ஓடுகிறது. அதன் கரையில் ஒரு துண்டு நிலம், நாற்பது பாய் விரித்தால் கூடக் கொஞ்சம் மிஞ்சும். லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற ஒவ்வொரு காம்பராவுக்கும் காய்கறி போட்டுக்கொள்ள ஒரு துண்டு உண்டு. மற்றவர்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் எடுத்துக்கொண்டார்கள். ஓடைக்கரையை யாரும் தொடவில்லை. மட்டமான நிலம்தான், ஆனால் மழைக்கு மழை ஓடை கொண்டுவந்து கொட்டிய கல். மண்வெட்டியைப் போட்டால் மண்வெட்டிதான் அழும். நான் கல்யாணமாகி வந்தவள், எனக்கு மிஞ்சியது அது.

கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, பொழுது சாய்கிறவரை கல் பொறுக்குவேன். கொழுந்துக் கூடையிலேயே அள்ளிப் போய் ஓடைப் பக்கம் குவிப்பேன். ஒரு பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு பொறுக்கினேன், இன்னொன்றை முதுகில் கட்டிக்கொண்டு பொறுக்கினேன். பெரிய கல் எடுத்தால் அதன் அடியில் சின்னக் கல். சின்னக் கல்லை எடுத்தால் அதன் கீழே அதற்கு அண்ணன். நகம் போய் நகம் முளைத்தது. வருஷக்கணக்காகப் பொறுக்கிய கல் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவராகிவிட்டது. அப்புறம் மாட்டுப் பட்டியிலிருந்து சாணி சுமந்து போட்டேன். கடைசியில் அந்த மண் எப்படி ஆனது தெரியுமா? கையை விட்டால் முழங்கைவரை போகும். போஞ்சி, முள்ளங்கி, கீரை. தேயிலைத் தோட்டத்தில் கொடுக்கிற அரிசியில் பாதி புழு. அதை என் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் தின்றது அந்த ஓடைக்கரைக் காய்கறியால்தான். அது இல்லையென்றால் சோறும் உப்பும். அவ்வளவுதான் எங்கள் வீட்டு விஷயம்.

அந்த மாதம் பழைய கொடியைப் பிடுங்கிவிட்டு, மண்ணைக் கொத்தி, எருப் போட்டு, மழைக்காகக் காத்திருந்தேன். முதல் மழை விழுந்ததும் போஞ்சி விதை ஊன்ற வேண்டும்.

மெசினைப் பூட்டி முடித்தபோது கணக்கப்பிள்ளை வந்தார். வேலைக்கு ஆள் பிரிப்பதும், வந்தவர்களுக்குப் பேர் போட்டு நாள் கூலி எழுதுவதும், துரையின் வார்த்தையை எங்களுக்குக் கொண்டுவருவதும் அவர்தான். மெசினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சனிக்கெழம காலைல ஓட்டம். அதுக்குள்ள அங்க இருக்கிற கம்பு கிம்பெல்லாம் எடுத்துரு புள்ள."

"எங்கங்க ஐயா?"

"ஓடைக்கரையிலதான். ஒன் புருசன் சொல்லலியா? கல்லில்லாத எடம் எங்க இருக்குன்னு தொரை கேட்டாரு. எஞ் சம்சாரம் போட்ட தோட்டம் இருக்குங்க, சல்லடை போட்டுச் சலிச்சாலும் ஒரு கல்லு கெடைக்காதுன்னு இவருதான் சொன்னாரு. தொரை நேர்ல போய்ப் பாத்துட்டாரு. இனி அது பங்களாத் தோட்டம்."

நான் அவரைப் பார்த்தேன். என் புருஷன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், கிரீஸ் துணியால் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஸ்பேனர்.

கணக்கப்பிள்ளை போனதும் கேட்டேன். "நெசமாவா?"

"பெருமையாத்தான் சொன்னேன் புள்ள" என்றார். "தொரை முன்னாடி ஒன் கைவேலையப் பத்திப் பேச ஒரு வாய்ப்பு. நான் என்னா கண்டேன், எடுத்துக்குவாருன்னு?"

"எடுத்துக்குறேன்னு சொன்னப்பவாச்சும் வேண்டாங்கலாம்ல?"

"தொரைகிட்டயா?"

"காலைலேருந்து நான் ஒங்ககூட நின்னு துடைச்சேனே. அப்பவாச்சும் எங்கிட்டச் சொல்லலாம்ல?"

மறுபடி ஸ்பேனரைத் துடைத்தார். சொன்னால் பிடிக்க ஆள் கிடைக்காது என்பதுதான் பதில். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். வேலி பசிக்காவது மேய்ந்தது. இது பெருமைக்கு மேய்ந்தது. என் தோட்டத்தைக் குதறப் போகிற கொக்கிகளை என் கையாலேயே துடைக்க வைத்து, என் தொட்டில் சேலையைக் கிழிக்க வைத்து, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த அந்த மனுஷனுக்கு அன்று ராத்திரி நான் சோறு போடவில்லை. பானையிலிருந்து தானே போட்டுத் தின்றார். அதுவும் எனக்கு ஆத்திரம்தான். பசி வந்ததே அவருக்கு!

மறுநாள் பெரட்டில், காலையில் ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லோரும் கலைந்த பிறகு கணக்கப்பிள்ளையிடம் போனேன். கும்பிட்டுத்தான் கேட்டேன். வேறு எங்காவது ஓட்டக்கூடாதா, அதை விட்டால் என் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

"எனக்கு மட்டும் சந்தோசமா புள்ள? மனசு கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். "ஆனா நெலம் யாரோடது, சொல்லு? தொரையோடது. மேல இருக்கிறது, கீழ இருக்கிறது எல்லாம் தொரையோடது. போ, கொழுந்தெடு."

போய்க் கொழுந்தெடுத்தேன். அன்று என் கை போன வேகத்தைப் பார்த்து, பக்கத்துக் காம்பராக்காரி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், "செடியப் புடுங்கிராதடி" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. அழுகிற கோபம் இல்லை அது.

புதன்கிழமை துரைசாணி இடத்தைப் பார்க்க ஓடைக்கரைக்கு இறங்கி வந்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். அவர் கெட்டவர் இல்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். காலில் போட்டிருந்த சப்பாத்தின் குதியால் மண்ணை அழுத்திப் பார்த்தார். குதி முழுதும் உள்ளே போய்விட்டது. "நல்ல மண்" என்று தமிழில் சொன்னார். யார் கேட்டது? நல்ல மண் என்று எனக்குத் தெரியாதா? அது நல்ல மண்ணாகத்தான் பிறந்தது என்று நினைத்துவிட்டார். ஓரத்தில் இடுப்பு உயரத்துக்குக் கல் குவிந்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. அவர் போனபிறகு குதி அழுத்திய குழியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சரிவில் தோட்டம் போட்ட ஒருத்தரையும் யாரும் தொடவில்லை. அங்கே கல். கல்லை அப்படியே விட்டவர்களுக்கு நிலம் இருக்கிறது. பொறுக்கினவளுக்கு இல்லை. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்தேன். நான் சொந்தக் காசில் அல்ல, சொந்த நகத்தில் சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கொட்டகையில் மெசினை ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரம் தரையில் படாமல் மரக்கட்டையில் தூக்கி வைத்து, என் புருஷன் கைப்பிடியைச் சுழற்றினார். இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மூன்றாவது தடவை டப்டப்டப் என்று பிடித்துக்கொண்டது. நீலப் புகை. லயத்துக் கோழியெல்லாம் தேயிலைக்குள் ஓடின. கொக்கிகள் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றின. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். என் புருஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, புகையால் என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் குங்குமச் சிமிழை எடுத்தார். புது மெசினுக்குப் பொட்டு வைக்க வேண்டுமாம். சக்கரத்தடியில் வைத்து நசுக்க எலுமிச்சம்பழமும் தேடினார்.

"என் குங்குமத்தத் தொடாதீங்க."

"சாமி காரியம் புள்ள."

"எந்தச் சாமி? எந் தோட்டத்தத் திங்குற சாமியா?"

சிமிழை வைத்துவிட்டு, ஸ்டோர் சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

சனிக்கிழமை, ஆட்களை எழுப்ப விடியக்காலம் தப்பு மேளம் அடித்தவுடன் எழுந்தேன். பெரட்டுக்குப் போகவில்லை. கொழுந்துக் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு நேரே ஓடைக்கரைக்குப் போனேன். யோசித்து வைத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. அந்தக் கல் சுவரைப் பார்த்ததும் கை தானாகப் போனது. ஒரு கூடை அள்ளினேன். தோட்டத்துக்கு நடுவில் போய்க் கவிழ்த்தேன். தொம் தொம் என்று விழுந்தது. கொத்திய மண் அல்லவா, பாதிக் கல் உடனே உள்ளே புதைந்துவிட்டது. மிச்சத்தைக் காலால் மிதித்து இறக்கினேன்.

கல்யாணமான வருஷத்திலிருந்து நான் பொறுக்கிய கல். ஒவ்வொரு கூடையும் கவிழ்க்கும்போது யாரோ என் பிள்ளையை அடிக்கச் சொல்லி, நானே அடிப்பதுபோல இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

கொழுந்துக்குப் போகிற பாதை அந்த வழியாகத்தான். பக்கத்துக் காம்பரா அக்கா என்னைப் பார்த்தாள். தன் கூடையை இறக்கி, கல் அள்ளினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அள்ளினார்கள். ஒருத்தி மட்டும், "ஏன்டி, பேர் போட மாட்டாங்களே" என்றாள். சொல்லிக்கொண்டே அவளும் அள்ளினாள்.

வெயில் ஏறி வருகையில் கணக்கப்பிள்ளை ஓடி வந்தார்.

"ஏய், என்னா பண்றீங்க? பைத்தியமா புடிச்சிருக்கு?"

"கல்லு போடுறேன் ஐயா."

"தொரை வர்றாருடீ!"

"வரட்டும். நெலம் தொரையோடதுன்னு நீங்கதான சொன்னீங்க? கல்லும் தொரையோடதுதான். அவரு கல்ல அவரு நெலத்துல போடுறேன். எங்கயிருந்து எடுத்தேனோ அங்கயே வைக்கிறேன். இதுல என்னா தப்பு?"

அதற்குள் மெசின் வந்துவிட்டது. நாலு பேர் கம்பில் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். பொட்டு வைத்து, மாலை போட்டு, மாப்பிள்ளை கணக்காக இருந்தது. பின்னால் என் புருஷன் வெள்ளைச் சட்டையில். அதற்குப் பின்னால் துரை.

என் புருஷன் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்குத்தான் மிச்சம் இருந்தது. கடைசியாக என்னைப் பார்த்தார். என் கையில் கூடை, முழங்கை வரை மண். நானும் அவரைப் பார்த்தேன். ஓட்டுய்யா, ஓட்டிப் பார் என்று மனசுக்குள் சொன்னேன். உன் பூனை நகம் ஒவ்வொன்றாக ஒடியட்டும்.

துரைக்கு எங்கள் தமிழ் நன்றாகத் தெரியும். கணக்கப்பிள்ளையிடம், "பொறுக்கச் சொல்லு" என்றார்.

கணக்கப்பிள்ளை எங்களைப் பார்த்தார். ஒருத்தியும் குனியவில்லை. அப்போதுதான் என் புருஷன் பேசினார். தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மேல கெடக்கிறதப் பொறுக்கிரலாங்க தொரை. உள்ள எறங்குனது எங்கங்க இருக்குன்னு தெரியாதுங்க. பொலபொலப்பு மண்ணு, எல்லாத்தையும் முழுங்கிருச்சு. ஒண்ணு பட்டாலும் கொக்கி ஒடிஞ்சிரும். ஒடிஞ்சா சீமையிலேருந்துதான் வரணும்."

மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, கல்லின்மேல் பெருக்கல் குறி போட்ட படத்தைக் காட்டினார். துரை படத்தைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை ஆட்டினார். நாலு பேரும் மறுபடி கம்பைத் தோளில் வைத்தார்கள். மாப்பிள்ளை தாலி கட்டாமலே மேடேறிப் போனார்.

என் புருஷன் அதைச் சொன்னது எனக்காகவா, கொக்கிக்காகவா? நான் கேட்டதில்லை. கொக்கிக்காகத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி நினைத்தால்தான் எனக்குக் கோபம் ஆறாமல் இருக்கிறது.

கல் சுமந்த பெண்கள் அத்தனை பேருக்கும் அன்று அரைப் பேர், அரை நாள் கூலி. எனக்கு அந்த வாரம் முழுக்கப் பேர் இல்லை. மெசினைப் பங்களாப் பக்கம் ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தார்களாம், சரிவில் சாய்ந்து விழுந்ததாம். பங்களாவுக்கு முன்னால் பந்து விளையாடுகிற புல்தரை இருந்தது. மட்டமான இடம், பெயருக்கு ஒரு கல் கிடையாது. அங்கே ஓட்டலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. கொட்டகை மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் புருஷன் போய் அதற்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தார்.

மழை வந்தது. கல் பொறுக்கலாம் என்று கூடையோடு நான் இறங்கினேன். நாலைந்து கல் எடுத்திருப்பேன். மேலே பாதையில் கணக்கப்பிள்ளை குடையோடு நின்றார்.

"என்னா புள்ள, பொறுக்க ஆரம்பிச்சிட்டியா? பொறுக்கு, பொறுக்கு. மெசின் கொட்டகையிலதான் இருக்கு" என்றார் அன்பாக.

எடுத்த கல்லை எடுத்த இடத்தில் போட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு முழுக்க விளங்கியது. அந்தத் துரை இருக்கிறவரை, அந்த மெசின் இருக்கிறவரை, அந்த நிலம் கெட்டுக் கிடந்தால்தான் என்னுடையது. நல்லதாக்கினால் அவர்களுடையது. எந்தப் பாவி எழுதிய சட்டமோ தெரியவில்லை. நான் மண்ணைக் காப்பாற்றவில்லை, கல்லைத்தான் காப்பாற்றினேன். ஆனால் அதற்குமேல் எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

கல்லுக்கு நடுவில் கம்பியால் குத்திக் குத்தி விதை ஊன்றினேன். போஞ்சி முளைத்தது. நோஞ்சானாக, முறுக்கிக்கொண்டு முளைத்தது. முந்தின வருஷம் பறித்ததில் பாதிகூடத் தேறாது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

ஒரு சாயந்தரம், கொடிக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தேன். என் புருஷன் வந்து பக்கத்தில் குந்தினார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் ஓடைக்கரைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு செடியின் அடியைத் தொட்டுப் பார்த்தார்.

"வேரு எறங்க மாட்டேங்குதே, பாவம்" என்றார். சொல்லிக்கொண்டே, வேரை நெருக்கிக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பெயர்த்துக் கையில் எடுத்தார்.

அவர் கைமேல் ஓங்கி ஒரு அடி போட்டேன். புருஷனை நான் அடித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"போடுய்யா அத. இருந்த எடத்துலயே போடு."

அவர் என்னைப் பார்த்தார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று கண்டுபிடித்து, அது கிடந்த குழியிலேயே ஆடாமல் உட்காரும்படி வைத்து அமுக்கினார். மெசின் பூட்டினாரே, அதே கவனத்தோடு வைத்தார்.